டோய்வோலா ஸ்டூட்பேக்கர்

டோய்வோலா, மிச்சிகன்
1971 ஏப்ரல் 19

வைனோ,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொட்டகைக் கூரை விழுந்துவிட்டது. இந்த வருஷத்துப் பனி அப்படி. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன், மலை சரிந்த மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் கூரையின் வடக்குப் பாதி தரையில் கிடக்கிறது. தெற்குப் பாதி 'நானும் வரட்டுமா' என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது. நம் ஸ்டூட்பேக்கர் கார் அந்தத் தெற்குப் பாதிக்கு அடியில்.

கிடக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பன்னிரண்டு வருஷமாக அதன்மேல் போட்ட தார்ப்பாயை நான் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் டெல்ஃபின் தன் இழுவை வண்டியோடு வந்துவிட்டாள். (அவள் கணவன் போனபின் பட்டறையை அவள்தான் நடத்துகிறாள் என்று எழுதினேனா? போனான் என்றால் சாகவில்லை, மில்வாக்கிக்குப் போய்விட்டான்.) நான்கு சக்கரங்களில் ஒன்றும் சுற்றவில்லை. பனிமேல் சறுக்குவண்டி மாதிரி இழுத்து வந்தாள். தார்ப்பாயை எடுத்தோம். காரின் அந்த விமான மூக்கு அப்படியே இருக்கிறது. பச்சை மட்டும் மங்கி, ஆறிப்போன பட்டாணி சூப் நிறத்துக்கு வந்திருக்கிறது.

“காயலான் கடைக்கு இழுத்துட்டுப் போயிடவா?” என்று கேட்டாள்.

என் வாய் என்னைக் கேட்காமலே, “இல்ல, ஓட வைக்கணும்,” என்றது.

எப்படி என்று நீ சொல். இருபது வருஷமாகக் கப்பல் இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. எதை முதலில் தொடவேண்டும், எதைத் தொடவே கூடாது?

இரண்டு குளிர்காலமாக நீ வீட்டுக்கு வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் எழுதப்போவதில்லை.

சைமா


'ஹார்லன் ப்ரூக்ஸ்' கப்பல், டெட்ராயிட் ஆறு
மே 6

சைமா,

உன் கடிதம் தபால் படகிலிருந்து, கயிறு கட்டி இறக்கிய வாளியில் ஏறி வந்தது. எனக்கு வாளியில் எதுவும் வந்து நாளாகிவிட்டது. சமையற்காரன் ஹப்பர்ட் அதை உயரத் தூக்கிப் பிடித்து, “இன்ஜின் ரூம் ஆளுக்குக்கூட லெட்டர் வருதுப்பா! உலகம் அழியப் போகுது, எல்லாரும் குளிச்சிட்டு வாங்க!” என்று கத்தினான்.

கார் விஷயம். செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தொடாதே. இதுதான் முதல் விஷயம், இதுதான் கடைசி விஷயம். இன்ஜின் நிச்சயமாகத் துருவில் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். பலவந்தம் செய்தால் உடையும். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயும் லேசான ஆயிலும் கலந்து ஊற்று. ஊற்றிவிட்டுப் போய் உன் வேலையைப் பார். தினமும் கொஞ்சம் ஊற்று. ஒரு வாரம் கழித்து டாப் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார். அசையாவிட்டால் இன்னொரு வாரம். அவசரப்படாதே. இரும்புக்கு அவசரம் புரியாது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிடு. உள்ளே இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, கோந்து. சக்கரங்கள் சுற்றாதது பிரேக் கட்டை டிரம்மில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதால். டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டு.

ஒன்று கேட்கவேண்டும். விற்கப்போகிறாயா? விற்பதானால் விற்றுக்கொள். என் கையெழுத்து தேவையென்றால் அனுப்பு, போட்டுத் தருகிறேன். சும்மா கேட்டேன்.

கூரை விழுந்தபோது நீ காபி குடித்துக்கொண்டிருந்தாய் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். காபி நல்ல பழக்கம்.

வைனோ


டோய்வோலா
ஜூன் 13

வைனோ,

விற்பதற்கு இல்லை. எதற்கு என்று கேட்காதே, எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை.

எலிகள்! ஏர் ஃபில்டரில் ஒரு குடும்பம், பின்சீட்டில் ஒரு குடும்பம், டாஷ்போர்டுக்குள் சம்பந்தி வீட்டார். டெல்ஃபின் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “இது காரில்லடீ, லாட்ஜ்,” என்றாள். “வாடகை யார் வசூல் பண்றது?”

பின்சீட்டில் அவை கூடு கட்டியிருந்தது எதில் தெரியுமா? நம் சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையில். மார்க்கெட் ஊர்த் துறைமுகத்துக்கு உன்னைப் பார்க்க வரும்போது கொண்டுவருவேனே, அது. கப்பலில் இரும்புத் தாது ஏறி முடிகிற ஐந்தாறு மணி நேரத்துக்கு உனக்கும் எனக்கும் இந்த உலகத்தில் இருந்த ஒரே வீடு அந்தப் பின்சீட்டும் அந்தப் போர்வையும்தான். எலிகள் அதைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து, மெத்தை செய்து, நம்மைவிட நன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. நான் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எரித்துவிட்டேன். நாற்றம் தாங்கவில்லை.

நீ சொன்னபடி ஊற்றினேன். ஒரு வாரம், அசையவில்லை. இரண்டாம் வாரம், அசையவில்லை. மூன்றாம் வாரம் டெல்ஃபின் முன்னாலிருந்தும் நான் பின்னாலிருந்தும் ஆட்டினோம். “அவனை நெனச்சு தள்ளு,” என்றாள். “யாரை?” என்றேன். “நான் என் ஆளை நெனக்கிறேன், நீ உன் ஆளை நெனச்சுக்கோ.” தள்ளினோம். ஒரு முனகல் கேட்டது. நான் டெல்ஃபின் என்று நினைத்தேன், அவள் நான் என்று நினைத்தாள். முனகியது இன்ஜின். கார் ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இன்னொரு சாண். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தோம்.

அடுத்து என்ன?

சைமா


டெட்ராயிட் ஆறு
ஜூலை 2

சைமா,

அடுத்தது வால்வுகள். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் மூடியைக் கழற்று, பன்னிரண்டும் மேலும் கீழும் போகின்றனவா என்று பார். ஒட்டிக்கொண்டதை எண்ணெய் விட்டு மெல்லத் தட்டி இறக்கு. பாட்டரி ஆறு வோல்ட்தான் வாங்கவேண்டும், ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் காரில் பாசிட்டிவ் கம்பிதான் பாடியோடு சேரவேண்டும். இந்தக் காலத்து வண்டிகளுக்கு நேர் எதிர். டெல்ஃபின் பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிவிடுவாள், பார்த்துக்கொள்.

போர்வையை எரித்திருக்க வேண்டாம் என்று எழுதிவிட்டு அடித்தேன். நாறினால் எரிக்கத்தானே வேண்டும்.

மார்க்கெட் துறைமுகத்தில் நான் எங்கே நிற்பேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கப்பல் கரையை அணைவதற்கு முன்பே மேல்தளத்துக்கு வந்துவிடுவேன். மேட்டிலிருந்து இறங்குகிற சாலை அங்கிருந்து தெரியும். மற்ற கார்களின் விளக்கு வெள்ளையாக இருக்கும். இந்த ஆறு வோல்ட் விளக்கு மட்டும் மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சளாக, தயங்கித் தயங்கி வரும். அதைப் பார்த்ததும் போய்க் கை கழுவுவேன்.

பிறகு அது வருவது நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

ஏரிகள் உறைந்து கப்பல் ஓடாத குளிர்காலத்தில் நான் ஏன் டொலிடோ துறைமுகத்திலேயே தங்கி, நிறுத்திவைத்த கப்பலுக்குக் காவல் இருக்கிறேன் என்று நீயும் கேட்கவில்லை. நீ எழுதப்போவதில்லை என்று எழுதினாய், அது கேட்பது ஆகாது. சரி, சொல்கிறேன். கடைசியாக வீட்டில் இருந்த ஜனவரியில் நான் அடுப்பருகே பூட்ஸை வைத்தேன். நீ அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, “நீ வந்தா வீடு சின்னதாயிடுது,” என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தைத்தது.

வைனோ


டோய்வோலா
ஜூலை 20

வைனோ,

சொன்னேனா? சொல்லியிருப்பேன். ஒன்பது மாதம் ஒருத்தி தனியாக இருந்தால் நாற்காலிக்கு ஒரு இடம், கோப்பைக்கு ஒரு இடம், மௌனத்துக்கு ஒரு இடம் என்று எல்லாம் பழகிவிடுகிறது. திடீரென்று ஒரு பெரிய ஆள் வந்து எல்லாவற்றின் மேலும் உட்காருகிறான். அவனுக்குப் பழகி முடிப்பதற்குள் பனி உருகுகிறது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு குளிர்காலம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாயே, வைனோ! பூட்ஸைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிட்டு, 'போடி' என்று சொல்லியிருக்கக் கூடாதா?

உனக்குத் தெரியவேண்டியது இது. கடைசியாக நான் மார்க்கெட் வந்தபோது ஆலங்கட்டி மழை. துறைமுக வாசலில் காத்திருந்தேன். நீ வரவில்லை. கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள், எனக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“யாரைப் பாக்கணும்மா?”

“என் வீட்டுக்காரரை.”

“எந்தக் கப்பல்?”

சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. அதை நான் மன்னிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து காரைக் கொட்டகையில் விட்டு, தார்ப்பாயைப் போட்டேன். உன்மேல் கோபமில்லை. காத்திருக்கிற பெண்ணைப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

டெல்ஃபின் பாட்டரியை மாற்றித்தான் மாட்டப்போனாள். உன் கடிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன். “ஐயோ, கப்பல்ல இருந்துக்கிட்டே கையைப் பிடிக்கிறானே உன் புருஷன்,” என்றாள். நேற்று மத்தியானம் இன்ஜின் கிளம்பியது. முதலில் இருமல், பிறகு நீலப் புகை, பிறகு அந்தப் பழைய சத்தம். எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கோபமாக இருக்கும்போது நல்ல செய்தி சொல்வது எனக்குப் பிடிக்காது.

சைமா


டோய்வோலா
ஆகஸ்ட் 15

வைனோ,

உன் பதில் இன்னும் வரவில்லை, இருந்தாலும் மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லூத்தரன் தேவாலயத்து வேலிக்குத்தான் ஆகியிருக்கிறது.

முதல்முறை சாலையில் எடுத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, பதினெட்டு வயசு மாதிரி போனேன். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் கால் தரை வரைக்கும் போகிறது! ஒன்றுமே இல்லை. பிரேக் எண்ணெய் போகிற பின்பக்க ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது. பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே விட்டுவைத்திருந்தேன். கை பிரேக்கை இழுத்தேன், கியரைக் குறைத்தேன், அப்படியும் வேகம் அடங்கவில்லை, வேலிக்குள் விட்டேன். பாதிரியார் கையில் மண்வெட்டியோடு ஓடிவந்தார். “சைமா! கோயிலுக்கு வந்தே ரொம்ப நாளாச்சுன்னு சொன்னேன், அதுக்காக இப்படியா?”

மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. காரின் மூக்கு.

சைமா


டெட்ராயிட் ஆறு
ஆகஸ்ட் 27

சைமா,

விட்டுவிடு. இனி அதைத் தொடாதே. சிரிப்பாக எழுதியிருக்கிறாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இறக்கத்தின் அடியில் ஏரி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்கு இறங்கினேன். ஒரு வால்வைத் தவறாகத் திறந்து, திட்டு வாங்கினேன். இருபது வருஷத்தில் இது முதல் தடவை. காரை மூடிவை. நான் வீட்டுக்கு வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

வைனோ


டோய்வோலா
செப்டம்பர் 7

வைனோ,

எப்போது வருவாய்? தேதி சொல்.

சைமா


டெட்ராயிட் ஆறு
அக்டோபர் 4

சைமா,

உன் கடிதம் வந்து இரண்டு பயணம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இந்தத் தபால் படகை வெறும் கையோடு அனுப்பினேன்.

தேதி சொல்ல முடியவில்லை. டொலிடோவில் இந்தக் குளிர்காலமும் காவல் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வர ஆசை இல்லை என்று நினைக்காதே. வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அதற்குத்தான் பயம்.

நீ காரை மூடி வைத்திருக்க மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும். ஆகவே கேள். ரப்பர் ஹோஸ் மூன்று இருக்கிறது: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்றையும் மாற்று. நன்றாக இருக்கிறது என்று கண் சொன்னால் நம்பாதே, ரப்பர் உள்ளுக்குள்ளேதான் சாகும். சக்கரத்துக்குச் சக்கரம் சிலிண்டரைப் பிரித்து வாஷர் மாற்று. பிரேக் மிதிக்கு அடியில் இருக்கும் பெரிய சிலிண்டரையும். பிறகு டெல்ஃபினை மிதிக்கச் சொல்லி, காற்று முழுக்கப் போகும்வரை எண்ணெயை வடி. முதல் நாள் வீட்டு வாசலிலேயே ஓட்டு. பிறகு சமதரை. பிறகுதான் இறக்கம். டயர்களும் புதிதாக இருக்கட்டும்.

அடுத்த நடை டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தில் தாது ஏற்றிக்கொண்டு கீழே வருவோம். கப்பலைத் தண்ணீரோடு கீழ் ஏரிக்கு இறக்கிவிடும் அந்தச் சூ மதகைப் பதினாறாம் தேதியோ பதினேழாம் தேதியோ தாண்டுவோம் என்று பேசிக்கொள்கிறார்கள். எதற்கும் சொல்லிவைக்கிறேன், வேறொன்றுமில்லை.

வைனோ


டெட்ராயிட் ஆறு
அக்டோபர் 19

சைமா,

சூ மதகில் கப்பல் நுழைந்தபோது நான் கீழே இன்ஜின் அறையில் இருந்தேன். மேலே இருந்து இரண்டாம் இன்ஜினியர் வந்தார். “கரையில பச்சையா, ஏரோபிளேன் மூக்கு வெச்சு ஒரு கார் நிக்குதாம். பக்கத்துல ஒரு அம்மா குளிர்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு முகமா பாக்குதாம். உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார். நான் மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். “அட போய்யா, போ. மெஷினை நான் பாத்துக்கறேன்.”

கையைக் கழுவாமல் ஓடிவந்தேன்.

கப்பல் அப்போது மதகுக்குள் வந்துவிட்டது, தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. தளமும் கரையும் ஒரே மட்டம். நடுவில் ஒரு வேலி, ஓர் எட்டு தூரம். உன் மூச்சுப் புகை தெரிந்தது. எனக்கு நிறையச் சொல்லவேண்டியிருந்தது. என் வாயில் வந்தது: “பிரேக் பிடிக்குதா?”

“பிடிக்குது. இல்லேன்னா இப்ப உன் கப்பல் மேலதான் நின்னுக்கிட்டிருப்பேன்.”

“எப்ப வந்தே?”

“நேத்து. ஒவ்வொரு கப்பலா பாத்தேன்.”

“கண்ணாடி போட்டிருக்கே.”

“ரெண்டு வருஷமாச்சு வைனோ.”

“நல்லாருக்கு,” என்றேன். உன் முகத்தில் ஒரு பொருள் புதிதாக வந்து இரண்டு வருஷமாகியிருக்கிறது, எனக்குத் தெரியாது.

அதற்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. சத்தமே இல்லாமல் இறங்குகிறது அந்தப் பாழும் தண்ணீர். உன் முகம் மேலே போயிற்று. உன் கோட்டுப் பொத்தான்கள் என் கண்ணுக்கு நேரே வந்தன. பிறகு உன் முழங்கால். பிறகு ஈரமான சிமெண்டுச் சுவர்தான். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நீ வேலிக்கு மேல் குனிந்து, துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டியைப் போட்டாய். “பிடி, பிடி! கீழ போட்டே, கொன்னுடுவேன்!” பிடித்துவிட்டேன். ஹப்பர்ட் கைதட்டினான்.

மதகுக் கதவு திறந்தது. நீ கையை வாயருகே குவித்து ஏதோ கத்தினாய். அதே நேரத்தில் கப்பல் ஊதிவிட்டது. உன் வாய் அசைந்ததைப் பார்த்தேன், ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமலே ஆட்டினேன். நீ சிரித்தாய்.

சைமா, நீ என்ன சொன்னாய்?

வைனோ


டோய்வோலா
அக்டோபர் 28

வைனோ,

தெரியாமல் தலையாட்டிவிட்டாயா! நல்லது. ஆட்டியது ஆட்டியதுதான்.

வழி நெடுக, சீனி ஊர்ப் பக்கத்தில் வளைவே இல்லாத அந்த நீண்ட சாலையில், ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். 'வீட்டுக்கு வா' என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். ஆனால் நீ என் கண்ணெதிரே கீழே போய்க்கொண்டே இருந்தாய். உன் தலை உச்சியில் முடி குறைந்திருப்பது தெரிந்தது. அப்போது வேறு வார்த்தை வந்துவிட்டது. நான் கத்தியது இது: “டொலிடோ வேலைக்குச் சரின்னு சொல்லு! நான் அங்க வரேன்!”

இத்தனை வருஷமும் நீ வருவதும் நான் நிற்பதுமாகவே இருந்துவிட்டது. இப்போது எனக்கு ஒரு கார் இருக்கிறது. பள்ளிச் சமையலறையில் குளிர்காலத்துக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன், டெல்ஃபினின் தங்கை என் இடத்தில் நிற்பாள். வீட்டுக் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை வடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வரப்போகிறேன். கப்பலில் மனைவி இருக்க விடுவார்களா, கேள். விடமாட்டார்கள் என்றால் துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை பார்.

வேண்டாம் என்றால் இப்போதே எழுது. மதகில் ஆட்டிய தலையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சைமா


டெட்ராயிட் ஆறு
நவம்பர் 11

சைமா,

வா.

கேட்டுவிட்டேன். ஆட்சேபணை இல்லை என்றார்கள். பின்தளத்தில் ஓர் அறை, ஒரு எண்ணெய் அடுப்பு, ஆற்றைப் பார்த்து ஒரு வட்ட ஜன்னல். ஜனவரியில் பனிக்கட்டி கப்பலை உரசும் சத்தம் கேட்கும், பயப்படாதே. நான் அதிகம் பேசமாட்டேன், அதற்கும் பயப்படாதே. பேசப் பழகிக்கொள்கிறேன்.

ரேடியேட்டரில் உறையாத திரவம் ஊற்று. ஏரிமேல் போகும் மேக்கினா பாலத்தில் காற்று பலமாக இருந்தால் நில். தைரியம் காட்டாதே.

டிசம்பர் நடுவில் கப்பலை நிறுத்துவோம். அதற்குப் பிறகு எந்த நாள் என்றாலும் நான் அங்கேதான் இருப்பேன். மறுபடியும் எழுதுகிறேன், பின்தளத்தில் ஓர் அறை, வட்ட ஜன்னல்.

வைனோ


செயின்ட் இக்னஸ்
டிசம்பர் 18

வைனோ,

மேக்கினா பாலத்தை மூடிவிட்டார்கள். காற்று. நான் உணவகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பணிப்பெண் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பச்சை வண்டி உங்களோடதா? அதுலயா இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்க போறீங்க?” என்று கேட்டாள். “என் வீட்டுக்காரர்கிட்ட,” என்றேன். அவள் முகத்தில் அந்தப் பரிதாபம் வரவில்லை. “அப்ப இன்னொரு காபி குடிங்க,” என்று ஊற்றிவிட்டுப் போனாள்.

கார் நன்றாக வருகிறது. மேடு ஏறும்போது மட்டும் வைப்பர் நின்றுவிடுகிறது, இறங்கும்போது பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது. சீட்டுக்கு அடியிலிருக்கும் ஹீட்டர் முழங்காலைச் சுட்டுவிட்டு மூக்கை உறைய விடுகிறது. பிரேக் பிடிக்கிறது.

இந்த மேசையிலிருந்து பாலம் தெரிகிறது. அதன் நடுப்பகுதி பனிக்காற்றில் மறைந்துவிட்டது. இந்தப் பக்கம் ஏறுவது தெரிகிறது, அந்தப் பக்கம் எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. எனக்கு உயரம் ஆகாது என்று உனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். வேறு காரணமும் இருக்கிறது.

காற்று குறைகிறது என்கிறார்கள். தபால் பெட்டி வாசலிலேயே இருக்கிறது. இதைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். இது முதலில் வருமோ, நான் முதலில் வருவேனோ தெரியாது. நான் முதலில் வந்துவிட்டால் இதைப் பிரிக்காதே, வைனோ. நானே சொல்கிறேன்.

சைமா